புலம்பலைத் தொழிலாக்கியவர்கள்

அமெரிக்க ஸ்டாண்ட்-அப் மேடையில் தனியாளாக நிற்கும் நகைச்சுவைக் கலைஞர் திரும்பத் திரும்பப் பேசும் விஷயங்கள் இரண்டு. ஒன்று அன்றாடத்தின் சில்லறை எரிச்சல்: வரிசையில் இடையே புகுகிறவர், எவ்வளவு நேரம் காத்திருந்தும் கிடைக்காத ஓட்டல் மேஜை, துணி உலர்த்தும் இயந்திரத்தில் தொலைந்துபோன சாக்ஸ். மற்றொன்று அவருடைய பிழைப்பு: வராத வாய்ப்பு, சிரிக்காத கூட்டம், தன்னைவிடச் சுமாரான ஒருவனுக்குக் கிடைத்துவிட்ட தொலைக்காட்சித் தொடர். முதலாவது எல்லோருக்கும் நேர்வது, இரண்டாவது சில நூறு பேருக்கு மட்டும் நேர்வது. கைதேர்ந்தவர்களிடம் இரண்டும் ஒரே வேலைப்பாட்டில் உருவாகின்றன. விஷயம் எந்த அளவுக்கு அற்பமோ அந்த அளவுக்குத் தீவிரமாக அதை விசாரிக்க வேண்டும் என்பதே அந்த வேலைப்பாட்டின் அடிப்படை.

20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இப்படி இல்லை. நியூயார்க் மாநிலத்தின் கேட்ஸ்கில் மலை விடுதிகளில், கோடை விடுமுறைக்கு வந்த யூதக் குடும்பங்களின் முன்னால் வளர்ந்த கலைஞர்கள் துணுக்குகளை அடுக்குகிறவர்கள். மனைவி, மாமியார், டாக்டர், சாப்பாடு என்று ஒன்றோடொன்று ஒட்டாத ஜோக்குகளை மூச்சுவிடாமல் கொட்டுவார்கள். இன்னார் சொன்னால்தான் எடுபடும் என்ற கட்டாயம் அந்த ஜோக்குகளுக்கு இருக்காது. 1953இல் சான் ஃபிரான்சிஸ்கோவின் ‘ஹங்ரி ஐ’ கூடத்தில் மார்ட் சால் மேடையேறினார். கையில் ஒரு செய்தித்தாளுடன், நண்பர்களிடம் பேசுகிற தொனியில் அவர் பேசப் பேச, மேடையில் நிற்கிறவருக்கென்று சொந்தமாக ஒரு மனமும் அபிப்பிராயமும் உண்டு என்பது பழக்கத்துக்கு வந்தது. கணக்கராக இருந்து மேடைக்கு வந்த பாப் நியூஹார்ட்டின் முதல் இசைத்தட்டு 1960இல் வெளியாகி பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்தது. நகைச்சுவைத் தட்டு ஒன்று அந்த இடத்தை எட்டியது அதுவே முதல் முறை. நியூஹார்ட் தொலைபேசி உரையாடலில் ஒரு முனையை மட்டும் பேசுவார். மறுமுனையில் இருப்பவரின் அபத்தமெல்லாம் இவருடைய தயக்கத்திலும் திக்கலிலுமே தெரிந்துவிடும். எரிச்சலைக் கத்திக் காட்டத் தேவையில்லை, அடக்கிக் காட்டினாலே போதும் என்பதற்கு அவரைவிட நல்ல பாடம் கிடையாது. பின்னால் வந்த ஜார்ஜ் கார்லின் எதிர்த் திசையில் போனார். வீடு என்பதே சாமான்களைப் போட்டு வைக்கும் இடம்தான் என்று தொடங்கி, சாமான் பெருகப் பெருக மனிதன் சுருங்கிப்போவதைக் குரல் உயர உயரச் சொல்லிக்கொண்டே போவார்.

இந்த வகைப் பேச்சை அதன் மிக மெலிந்த, மிகத் துல்லியமான வடிவத்துக்குக் கொண்டுவந்தவர் ஜெரி சைன்ஃபெல்ட். 1954இல் புரூக்ளினில் பிறந்து, 1976இல் கல்லூரியை முடித்த கையோடு நியூயார்க் கிளப்புகளில் ஏறியவர். அவருடைய ஆரம்பகாலத் துண்டுகளில் ஒன்று சாக்ஸைப் பற்றியது. ஜோடியாகப் போட்டதில் ஒன்றுதான் திரும்பி வருகிறது. வீட்டில் யாரும் இதைச் சொல்லிச் சலித்துக்கொள்வார்கள், அதோடு பேச்சு முடிந்துவிடும். சைன்ஃபெல்ட் விஷயத்தைச் சாக்ஸின் பக்கத்திலிருந்து பார்க்கிறார். அது தொலையவில்லை, தப்பித்தது. உலர்த்தும் இயந்திரம்தான் அதற்கு இருக்கும் ஒரே வாய்ப்பு. உருளையின் பக்கச் சுவரோடு ஒட்டிப் பதுங்கி, கதவு திறக்கும் தருணத்துக்காகக் காத்திருக்கிறது. ஒரு புலம்பல் சில வினாடிகளில் சிறையுடைப்புப் படமாகிவிடுகிறது. இதில் யாரும் திட்டு வாங்கவில்லை, யாருடைய மனமும் புண்படவில்லை. குற்றவாளியே இல்லாத ஒரு குற்றத்தை இத்தனை சிரத்தையோடு துப்புத் துலக்குவதில்தான் சிரிப்பு இருக்கிறது.

பாப்-டார்ட் பற்றிய துண்டு இன்னும் நுணுக்கமானது. 1964இல் கெலாக்ஸ் சந்தைக்குக் கொண்டுவந்த, டோஸ்டரில் சூடாக்கித் தின்னும் இனிப்புப் பண்டம் அது. அதைச் சிறுவனாக முதன்முதலில் பார்த்தபோது தலை சுற்றிப்போனது என்பதற்குமேல் அதில் விஷயம் எதுவும் இல்லை. அதில் இரண்டு ஆண்டு உழைத்ததாக 2012இல் நியூயார்க் டைம்ஸ் பேட்டியில் சைன்ஃபெல்ட் விளக்கினார். மஞ்சள் நிறக் கோடுபோட்ட தாளில் கையால் எழுதுகிறார். ஒரு சொல்லில் அசை கூடிவிட்டால் வெட்டுகிறார். சிம்பன்சி, மண், குச்சி ஆகியவை தம்மளவிலேயே சிரிப்பூட்டும் சொற்கள் என்று கண்டு, அவற்றை ஒரே தொடருக்குள் நெருக்கி வைக்கிறார். வெண்பா எழுதுகிறவர் தளை தட்டுகிறதா என்று பார்க்கும் பார்வை அது. அவ்வளவு உழைப்பும் காதில் விழக்கூடாது என்பது கூடுதல் நிபந்தனை. கேட்கிறவருக்கு அந்த வாக்கியம் போகிற போக்கில் வாயில் வந்தது போலவே இருக்க வேண்டும்.

மேடைப் பேச்சின் இந்தப் பாணி தொலைக்காட்சிக்கும் வந்தது. சைன்ஃபெல்டும் லாரி டேவிட்டும் சேர்ந்து உருவாக்கிய ‘சைன்ஃபெல்ட்’ தொடர் 1989 முதல் 1998 வரை 180 பகுதிகள் ஓடியது. 1991இல் ஒளிபரப்பான சீன உணவகப் பகுதியில், மூன்று நண்பர்கள் மேஜைக்காகக் காத்திருப்பதைத் தவிர வேறு எதுவும் நடப்பதில்லை. இடம் மாறவில்லை, காலம் தாவவில்லை. பார்க்கிறவரும் அவர்களோடு அதே நேரம் காத்திருக்கிறார். ஒன்றுமே நடக்காத கதையா என்று, தொடரை ஒளிபரப்பிய என்பிசியின் அதிகாரிகள் தயங்கினார்கள். பொறுமை இழந்து மூவரும் வெளியேறிய அடுத்த கணம் அவர்களுடைய பெயர் அழைக்கப்படுகிறது. சீன உணவகமே தேவையில்லை, எந்த ஊர்க் கவுன்டரில் நின்றவருக்கும் இது பிடிபடும்.

லாரி டேவிட்டின் எரிச்சல் வேறு ரகம். சைன்ஃபெல்டுடையது பொருள்களின் மேல் என்றால் அவருடையது மனிதர்களின் மேல். மேடையேறி, கூட்டத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, வேண்டாம் என்று சொல்லி இறங்கிப்போனவர் என்ற கதை அவருடைய சக கலைஞர்கள் எல்லோரும் சொல்வது. 2000 முதல் 2024 வரை 12 பருவங்கள் வந்த ‘கர்ப் யுவர் என்தூசியாசம்’ தொடரில் அவர் தன் பெயரிலேயே நடித்தார். கதைச் சுருக்கம் மட்டும் எழுதப்பட்டிருக்கும், வசனத்தை நடிகர்கள் அங்கேயே பேசிக்கொள்வார்கள். விருந்து வரிசையில் முன்னால் நிற்கும் அறிமுகக்காரரிடம் குசலம் விசாரிக்கும் சாக்கில் நைசாக உள்ளே நுழைகிறவரை அவர் பிடித்துவிடுகிறார். எல்லோரும் பார்த்தது, எல்லோரும் வாய்மூடிக் கடந்தது. லாரி மட்டும் வாய் திறக்கிறார். அவர் சொல்வது நியாயம்தான், ஆனால் சொன்ன விதத்தில் விருந்து நாசமாகிறது. நியாயமும் அசிங்கமும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பதால்தான் அந்தப் பாத்திரம் இத்தனை பருவங்கள் தாங்கியது.

தொழில் எரிச்சல் அன்றாட எரிச்சலாக உருமாறுவதற்கும் அவரே நல்ல உதாரணம். 1984–85இல் ‘சாட்டர்டே நைட் லைவ்’ நிகழ்ச்சிக்கு எழுதிக்கொண்டிருந்தவர், கோபத்தில் வேலையை உதறிவிட்டுப் போனார். திங்கட்கிழமை எதுவுமே நடக்காததுபோல் வந்து உட்கார்ந்துகொண்டார். அதை அப்படியே 1991இல் ‘சைன்ஃபெல்ட்’ தொடரில் ஜார்ஜ் என்ற பாத்திரத்துக்குக் கொடுத்தார். நிஜத்தில் வேலை தப்பியது, கதையில் தப்பவில்லை.

இந்தத் தொழிலின் மனக்குறைகளுக்கு நியாயமான காரணங்கள் உண்டு. லாஸ் ஏஞ்சலஸின் ‘காமெடி ஸ்டோர்’ கிளப்பில் ஒரு காலத்தில் இளம் கலைஞர்களுக்குச் சம்பளம் கிடையாது. அது பயிலும் இடம் என்பது உரிமையாளர் மிட்ஸி ஷோரின் வாதம். 1979இல் கலைஞர்கள் வேலைநிறுத்தம் செய்து, வாசலில் பதாகை பிடித்து நின்ற பிறகுதான் ஒரு மேடையேற்றத்துக்கு 25 டாலர் என்று முடிவாயிற்று. அதற்கு மேலே இருந்த ஒரே கதவு ஜானி கார்சன். 1962 முதல் 1992 வரை ‘டுநைட் ஷோ’ என்ற இரவு நேரத் தொலைக்காட்சி நிகழ்ச்சி அவர் கையில் இருந்தது. அங்கே சில நிமிடம் பேசி முடித்த புதியவரை அவர் பக்கத்து இருக்கைக்கு அழைத்தால், மறுநாள் அந்த ஆளின் நிலையே வேறு. அந்தக் கதவு சாத்திக்கொள்ளவும் செய்யும். கார்சனுக்குப் பதிலாக நிகழ்ச்சியை அடிக்கடி நடத்திவந்த ஜோன் ரிவர்ஸ், 1986இல் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் சொந்த நிகழ்ச்சி தொடங்கியதும் கார்சன் அவரோடு பேசுவதை அடியோடு நிறுத்திக்கொண்டார்.

2010இல் வெளியான, ரிவர்ஸைப் பற்றிய ஆவணப்படத்தில் இரண்டு பொருள்கள் மனதில் நிற்கின்றன. ஒன்று அவருடைய வீட்டில் ஜோக்குகளைத் தலைப்புவாரியாக அட்டைகளில் அடுக்கி வைத்திருக்கும் இழுப்பறைகள். மற்றொன்று நிகழ்ச்சி எதுவும் குறிக்கப்படாத நாட்குறிப்புப் பக்கம். பயம் என்றால் இதுதான் என்று அந்த வெற்றுப் பக்கத்தைக் காட்டுகிறார். எழுபத்தைந்தை எட்டிய, பணமும் புகழும் உள்ள ஒருவர் சொல்வது இது.

இதே பயத்தை வேறு குரலில் சொன்னவர் ராட்னி டேஞ்சர்ஃபீல்ட். இளமையில் மேடையை விட்டு, வீட்டுச் சுவர்களுக்குப் பொருத்தும் அலுமினியப் பலகை விற்றுக் குடும்பம் நடத்தியவர், நாற்பதை ஒட்டிய வயதில் திரும்பி வந்தார். தான் தொழிலை விட்டது தனக்கு மட்டும்தான் தெரியும் என்று பின்னாளில் சொல்லுவார். ஒரு முழுத் தோல்வியை ஒரே வாக்கியத்தில் அடக்கியதில் இதற்கு ஈடு குறைவு. யாரும் மதிப்பதில்லை என்ற ஒற்றைப் புலம்பலையே பாத்திரமாக்கிக்கொண்டார். 1967இல் எட் சல்லிவனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அது பிடித்துக்கொண்டது.

கேரி ஷாண்ட்லிங்கின் ‘லாரி சாண்டர்ஸ் ஷோ’ (1992–98) தொழிலின் உள்ளறையைக் கதைக்களமாக்கியது. இரவு நேர நிகழ்ச்சி ஒன்றின் முன்புறம் வீடியோவில், பின்புறம் ஃபிலிமில் படமாயிற்று. பளிச்சென்ற விளக்கில் சிரிக்கும் மனிதர் திரைக்குப் பின்னால் வந்ததும் படத்தின் நிறமே மங்கிவிடும். இரவில் படுக்கையில் கிடந்து தன் நிகழ்ச்சியைத் தானே பார்த்து, தான் எப்படித் தெரிகிறோம் என்று கவலைப்படும் அவருடைய முகத்தில் சொல்லப்படாத ஜோக்குகள் நிறைய.

சைன்ஃபெல்டின் ‘கமீடியன்’ ஆவணப்படம் 2002இல் வந்தது. தொடர் முடிந்ததும் தன் பழைய துண்டுகளை மொத்தமாகக் கைவிட்டு, புதிதாக எழுதத் தொடங்கியவரைப் படம் பின்தொடர்கிறது. நாடறிந்த முகம், சிறு கிளப்பில் இழை அறுந்து நின்று குறிப்புத் தாளைத் தேடுகிறது. கூட்டம் முகத்துக்காகத் தரும் சலுகை சில நிமிடங்களுக்கே வருகிறது. இணையாக ஆர்னி ஆடம்ஸ் என்ற இளைஞர். வயது முப்பதை நெருங்கிவிட்டது, நண்பர்கள் வீடும் சம்பாத்தியமுமாக இருக்கிறார்கள் என்று புலம்புகிறார். சைன்ஃபெல்ட் அவருக்கு ஒரு கதை சொல்கிறார். கிளென் மில்லரின் இசைக்குழு சென்ற விமானம் உரிய இடத்தில் இறங்க முடியாமல் எங்கோ வயலில் இறங்குகிறது. கோட்டும் சூட்டுமாக, வாத்தியங்களைச் சுமந்து பனியில் நடக்கிறார்கள். வழியில் ஒரு வீட்டு ஜன்னலுக்குள் கணவன், மனைவி, குழந்தைகள், கணப்பு, சூடான சாப்பாடு. நனைந்து நடுங்கும் இசைக்காரர் ஒருவர் பக்கத்திலிருப்பவரைப் பார்த்து, எப்படித்தான் இப்படியெல்லாம் வாழ்கிறார்களோ என்று கேட்கிறார். படம் முழுவதிலும் உயர்ந்த நிமிடம் இதுதான். ஆடம்ஸின் குறைக்கு இது மருந்தில்லை. புலம்புகிறவர் புலம்பிக்கொண்டேதான் இருப்பார், ஆனாலும் இடம் மாற ஒப்பமாட்டார் என்பதை மட்டும் அது காட்டிவிடுகிறது.

2012 ஜூலையில் தொடங்கிய ‘கமீடியன்ஸ் இன் கார்ஸ் கெட்டிங் காஃபி’ இந்தப் பேச்சையே நிகழ்ச்சியாக்கியது. பழைய கார் ஒன்றில் சைன்ஃபெல்ட் ஒரு சக கலைஞரை ஏற்றிக்கொண்டு காபிக்கடைக்குப் போவார், அவ்வளவுதான். முதல் விருந்தினர் லாரி டேவிட், கார் 1952ஆம் ஆண்டு ஃபோக்ஸ்வாகன். 2018இல் நெட்ஃபிளிக்ஸுக்கு மாறி, 2019 வரை 84 பகுதிகள் வந்தது. பெரும்பாலானவை இருபது நிமிடத்துக்குள் முடிபவை. இதில் விளம்பரப் பேட்டியின் வாசனை குறைவு, தொழிலாளிகள் பட்டறை வாசலில் நின்று பேசும் பேச்சு அதிகம். 90 வயது கார்ல் ரைனரும் 86 வயது மெல் புரூக்ஸும் ரைனரின் வீட்டில், தொலைக்காட்சிக்கு முன்னால் தட்டை வைத்துக்கொண்டு இரவுச் சாப்பாட்டைப் பற்றி வழக்காடும் பகுதிக்கு எந்தச் சித்திரிப்பும் தேவைப்படவில்லை. 2015 கடைசியில் வந்த ஒபாமா பகுதியில், 1963ஆம் ஆண்டு கார்வெட் காரை ஓட்டிக்கொண்டு வெள்ளை மாளிகை வாயில்வரை வரும் ஜனாதிபதியைக் காவலர் வெளியே விடுவதில்லை. அன்றாட எரிச்சலுக்குப் பதவி விலக்கில்லை.

மிக ஆழமான பகுதி ஷாண்ட்லிங்குடையது. 2016 ஜனவரியில் வந்தது, மார்ச் மாதம் அவர் காலமானார். தனக்கு இருந்த சுரப்பி நோயைக் கண்டுபிடிக்கத் தாமதமானதற்குக் காரணம், அதன் அறிகுறிகளும் வயதான யூதரின் இயல்பும் ஒன்றாகவே இருந்ததுதான் என்கிறார். நகைச்சுவைக் கலைஞர் டேவிட் பிரெனரின் மறைவைப் பற்றிப் பேச்சு வரும்போது, ஒரு மனிதர் அரும்பாடுபட்டுச் செய்த துண்டுகளெல்லாம் அவரோடு போய்விடுகின்றனவே என்று சைன்ஃபெல்ட் வருந்துகிறார். ஷாண்ட்லிங் ஒப்புக்கொள்வதில்லை. துண்டுகள் ஒருவர் தன் ஆன்மாவை வெளிப்படுத்த ஏறிக்கொள்ளும் வாகனம் மட்டுமே, அதற்கு மேல் அவற்றுக்கு மதிப்பில்லை என்கிறார். ஒருவர் செதுக்கிய பொருளைப் பார்க்கிறார், மற்றவர் செதுக்கியவனைப் பார்க்கிறார். இக்கலையைப் பற்றிய விவாதம் இவ்வளவு சுருக்கமாக வேறெங்கும் நடந்ததில்லை.

நிகழ்ச்சியின் குறைகளும் வெளிப்படையானவை. முதல் பருவத்தில் பெண் விருந்தினர் ஒருவர்கூட இல்லை. லட்சக்கணக்கான டாலர் பெறும் கார்களிலிருந்து இறங்குகிறவர்கள் காபியின் சூட்டைப் பற்றிக் குறைப்படும்போது, ஜோக் கச்சிதமாக இருந்தாலும் சில இடங்களில் சிரிப்பு வர மறுக்கிறது. காயத்தை நெருங்கும்போது வண்டி பெரும்பாலும் திரும்பிவிடும். நகைச்சுவைக் கலைஞர் மார்க் மாரன் 2009இல் தொடங்கிய பாட்காஸ்ட் அதற்கு நேர்மாறாக இருந்தது. பழைய பகைகளையும் பொறாமைகளையும் அவர் பெயர் சொல்லியே கேட்பார். அங்கே கலைஞர்கள் அழுததும் உண்டு. செய்நேர்த்திக்குச் சைன்ஃபெல்ட், வாக்குமூலத்துக்கு மாரன் என்று கேட்கிறவர்கள் பிரித்துக்கொள்ளலாம்.

அடுத்த தலைமுறையில் எரிச்சலையே விசாரணைக்கு உட்படுத்தியவர் அஸீஸ் அன்சாரி. தமிழ்நாட்டிலிருந்து அமெரிக்கா போய்க் குடியேறிய பெற்றோரின் மகன். 2015இல் வந்த ‘மாஸ்டர் ஆஃப் நன்’ தொடரின் இரண்டாம் பகுதியில், ஐபேடைச் சரிசெய்து தரும்படி அப்பா கேட்கிறார். நேரமில்லை, சினிமாவுக்குப் போக வேண்டும் என்று மகன் சலித்துக்கொள்கிறான். வழக்கமான மேடைத் துண்டு இங்கே பெற்றோரின் தொழில்நுட்பக் கோளாறுகளைக் கேலி செய்து முடிந்திருக்கும். கதையோ அந்தச் சலிப்பிலிருந்து நேராக அப்பாவின் இந்தியச் சிறுவயதுக்கும், அமெரிக்காவில் அவர் கால் ஊன்றிய நாட்களுக்கும் போய்த் திரும்புகிறது. சலித்துக்கொண்ட மகன்தான் இப்போது நகைச்சுவையின் இலக்கு. அப்பாவாக நடித்தவர் அன்சாரியின் சொந்த அப்பா, தொழில்முறை நடிகர் அல்ல, மருத்துவர். வசனத்தைக் கொஞ்சம் முந்தியும் பிந்தியும் சொல்லும் அவருடைய டைமிங் பயிற்சியால் வருவதில்லை. அந்தப் பகுதியின் எழுத்துக்கு 2016இல் எம்மி விருது கிடைத்தது.