உயர்த்திய ஜிம்னியும் பொருந்தாத பாகங்களும்: ஜவ்வாது மலைப் பாதைகளில் ஒரு மதிப்பீடு

ஐந்து கதவுகள் கொண்ட மாருதி சுசூகி ஜிம்னி 2023 ஜூனில் விற்பனைக்கு வந்தபோது, ஏணி வடிவ சேஸிஸ், முன்னும் பின்னும் முழு ஆக்ஸில், குறைவேக கியருடன் கூடிய நான்கு சக்கர இயக்கம் ஆகிய மூன்றும் 4 மீட்டருக்கு உட்பட்ட நீளத்தில் அமைந்திருந்ததால், மலைப்பாதை விரும்பிகளின் கவனம் உடனே அதன்மீது திரும்பியது. ஆனால் மூன்று கதவு ஜிம்னியில் 2,250 மி.மீ. ஆக இருந்த முன்பின் சக்கர இடைவெளி இதில் 2,590 மி.மீ. ஆக நீண்டுவிட்டதால், மேட்டின் உச்சியைக் கடக்கும்போது வண்டியின் நடு அடிப்பாகம் தட்டாமல் காக்கும் கோணம் 24 டிகிரியாகக் குறைந்திருக்கிறது. இந்தக் குறையைப் போக்கவே உரிமையாளர்கள் பலர் 40 அல்லது 50 மி.மீ. உயர்த்தும் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் தொகுப்பை மாட்டுகின்றனர். அவ்வாறு 50 மி.மீ. உயர்த்தப்பட்ட ஒரு வண்டியே இங்கு மதிப்பிடப்படுகிறது.

திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் ஜவ்வாது மலை இதற்கு ஏற்ற களம். போளூரிலிருந்தும் ஆலங்காயத்திலிருந்தும் ஜமுனாமரத்தூருக்கு ஏறும் தார்ச்சாலைகளின் வளைவுகள் ஸ்டீயரிங்கின் குணத்தைக் காட்டிவிடும். சாமைக் கொல்லைகளை ஒட்டிச் சிற்றூர்களுக்குப் பிரியும் மண்பாதைகளில் மழைநீர் அரித்த பள்ளங்கள் ஆக்ஸிலின் அசைவைக் காட்டிவிடும். காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது குற்றம் என்பதால் ஊர்ப்பாதைகளோடு சோதனை நின்றது. அதே பாதைகளில் மூட்டைகளையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு சாதாரண பொலேரோ பிக்கப்புகள், எந்த உயர்த்தலும் இல்லாமல், பட்டை ஸ்பிரிங்கை மட்டும் நம்பி ஏறி இறங்குகின்றன என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை நீக்குவது நல்லது. முழு ஆக்ஸில் கொண்ட வண்டியில் ஸ்பிரிங்கை உயர்த்தினால் உடல் மட்டுமே மேலே போகும். ஆக்ஸிலின் நடுவே தொங்கும் டிஃபரன்ஷியல் உருண்டைக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி டயரின் அளவைப் பொறுத்தது என்பதால், அது ஒரு மில்லிமீட்டர்கூட மாறாது. பள்ளத்தின் நடுவே துருத்தி நிற்கும் கல், உயர்த்திய வண்டியையும் உயர்த்தாத வண்டியையும் ஒரே மாதிரிதான் தட்டும்.

அடுத்து, பொருந்தாமை எங்கே தொடங்குகிறது என்று பார்க்க வேண்டும். ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் இருக்க, அதன் ஒரு முனையையும் சேஸிஸின் எதிர்ப்புறத்தையும் இணைத்து லேட்டரல் ராட் என்னும் கம்பி குறுக்காகப் பூட்டப்பட்டிருக்கிறது. கம்பியின் நீளம் மாறாதது. உடல் உயரும்போது கம்பியின் சாய்வு கூடுவதால், அது ஆக்ஸிலை ஒரு பக்கமாக இழுத்துவிடுகிறது. 900 மி.மீ. நீளமுள்ள ஒரு கம்பி 10 டிகிரி சாய்ந்திருப்பதாகக் கொண்டால், 50 மி.மீ. உயர்த்தலுக்கு ஆக்ஸில் ஏறக்குறைய 10 மி.மீ. நகரும் என்பது எளிய வடிவியல் கணக்கு. ஒரு பக்க டயர் அவ்வளவு வெளியேயும் மறுபக்க டயர் அவ்வளவு உள்ளேயும் நிற்பதால், இருபுற அளவுகளுக்கும் இடையே 20 மி.மீ. வேறுபாடு தெரியும். நீளத்தைக் கூட்டிக் குறைக்கத்தக்க லேட்டரல் ராட்டை மாட்டுவதே இதற்குரிய தீர்வு.

சோதனை வண்டியில் அந்தக் கம்பிதான் எளிதில் பொருந்தவில்லை. அதன் முனையிலுள்ள புஷ்ஷின் உள்குழல் பிராக்கெட்டின் வாயைவிடச் சற்று நீளமாக இருந்தது. பிராக்கெட்டைச் சுத்தியலால் விரிப்பது பட்டறைகளில் வழக்கமான குறுக்குவழி. அது தவறு, ஏனெனில் வெல்டு செய்யப்பட்ட பிராக்கெட் ஒருமுறை வளைந்தால் பழைய நிலைக்குத் திரும்பாது. தேய்க்க வேண்டியது குழலின் முகத்தைத்தான். அதையும் அரத்தால் சிறிது சிறிதாக, முகம் கோணாமல் தேய்க்க வேண்டும். குழல் குட்டையாக இருந்தால் கடின எஃகு வாஷரால் இடைவெளியை நிரப்பலாம். எதைத் தேய்த்தாலும் அது மாற்றத்தக்க மலிவான பாகமாக இருக்க வேண்டும் என்பதே விதி. போல்ட் துளைகள் நேராக வராதபோது, வண்டி சக்கரங்களில் நிற்க, ஒருவர் ஸ்டீயரிங்கை மெல்லத் திருப்பினால் ஆக்ஸிலுக்கு மேலே உடல் பக்கவாட்டில் நகரும். துளைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்த கணத்தில் மற்றவர் போல்ட்டைக் கையாலேயே தள்ளிவிடலாம். துளையைத் துரப்பணத்தால் பெரிதாக்கிய வண்டி ஒவ்வொரு பள்ளத்திலும் ‘டக்’கென்று குரல் கொடுக்கும்.

வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரங்கள் தொங்கும் நிலையிலேயே எல்லாப் போல்ட்களையும் இறுக்கிவிடுவது இதைவிடப் பரவலான பிழை. ரப்பர் புஷ்ஷின் உள்குழல் இறுக்கத்தில் அசையாமல் பூட்டப்படுவதால், ஆக்ஸிலைச் சேஸிஸுடன் இணைக்கும் ஆர்ம் அசையும்போது ரப்பர்தான் முறுகிக்கொடுக்கிறது. தொங்கும் நிலையில் பூட்டினால் வண்டி தரையில் நிற்கும் போதெல்லாம் ரப்பர் முறுகியே இருந்து, விரைவில் கிழிந்துபோகும். ஆகவே தளர்வாக மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, சிறிது ஆட்டி அமரவிட்டு, பிறகே டார்க் ரெஞ்சால் குறிப்பிட்ட அளவுக்கு இறுக்க வேண்டும்.

முன் ஆக்ஸிலில் இன்னொரு சிக்கல் உண்டு. ஸ்டீயரிங் தானாக நேர்நிலைக்குத் திரும்ப உதவும் பின்சாய்வான காஸ்டர் கோணம், உயர்த்தலால் குறைந்துவிடுகிறது. துளை மையம் விலகிய திருத்தப் புஷ்களை ஆர்ம்களில் அழுத்திப் பொருத்தி இது சரிசெய்யப்படுகிறது. அவற்றைத் தலைகீழாகப் பொருத்தினால் குறை இரட்டிப்பாகும். சோதனை வண்டியில் இப்புஷ்கள் சரியாக அமைந்தபின், அதுவரை வளைவு முடிந்தும் திரும்ப மறுத்த ஸ்டீயரிங், கையைத் தளர்த்தியதும் நேரானது. பிரேக் ஹோஸ் சக்கரம் முழுதும் தொங்கும்போது இழுபடுகிறதா என்பதையும், ஷாக் முழுதும் மடங்குமுன் பம்ப் ஸ்டாப் தட்டுகிறதா என்பதையும் பார்த்துக்கொண்டால் போதும்.

முன்பக்கம் அதிகமாக உயர்ந்திருந்தால் ஹெட்லைட்டின் ஒளி மேல்நோக்கிச் சாயும் என்பதால் அதையும் இறக்கி அமைக்க வேண்டும். ஆலங்காயம் சாலையிலேயே, காவலூரில், 1986 முதல் இயங்கும் 2.3 மீட்டர் தொலைநோக்கியைக் கொண்ட வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது; எதிரே வரும் ஓட்டுநருக்கு மட்டுமன்றி, இருண்ட வானை நம்பியிருக்கும் ஆய்வாளர்களுக்கும் அந்த ஒளி இடையூறே.

தொகுப்பு மூன்று கதவு வண்டிக்கானதா, எடை கூடிய ஐந்து கதவு வண்டிக்கானதா என்று கேட்காமல் வாங்கக்கூடாது. லேட்டரல் ராட்டும் காஸ்டர் புஷ்ஷும் இல்லாத 50 மி.மீ. தொகுப்பை இம்மதிப்பீடு பரிந்துரைக்கவில்லை. ஜவ்வாது மலையின் ஊர்ப்பாதைகளுக்கு நிறுவனம் தந்த 210 மி.மீ. தரை இடைவெளியும் நல்ல டயர்களுமே போதும். தயாரிப்பாளரின் மூல வடிவமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடைசெய்கிறது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியிருப்பதால், எந்தத் தொகுப்பையும் வாங்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுத் தெளிவது உரிமையாளரின் பொறுப்பாகும்.