மெய்ப்பாடும் சண்டைக் காட்சியும்

'சண்டை போடுறவனுக்கு நடிப்பு எங்க வரும்?' மயிலாப்பூரில் சபா வாசலில் இதைக் கேட்கலாம். தி.நகரில் சினிமாக் கம்பெனி மாடிப்படியிலும் கேட்கலாம். நம்முடைய கூட்டம் முடிந்து டீ குடிக்கிற இடத்தில் கொஞ்சம் கனமான வார்த்தைகளில் இதே கேள்வி வரும். 'இல்லை, அவங்களும் நல்லாத்தான் நடிச்சிருக்காங்க' என்று ஒரு பட்டியல் போட்டு வாதாடுவது சுலபம். அப்படிப் பட்டியல் போடுகிறவர் கேள்வியை ஒப்புக்கொண்டுவிடுகிறார் என்பதே என் தரப்பு. சண்டை ஒரு பக்கம், நடிப்பு இன்னொரு பக்கம் என்று கேள்வியே இரண்டாக வெட்டிவைத்திருக்கிறது. வெட்டியது யார், எந்தக் கத்தியால் என்று பார்ப்போம்.

'ரிக்‌ஷாக்காரன்' படத்துக்காக எம்.ஜி.ஆருக்கு 1971ஆம் ஆண்டின் சிறந்த நடிகருக்கான தேசிய விருது கிடைத்தது. அன்று அதன் பெயர் 'பாரத்'. சிவாஜி கணேசனுக்கு அந்த விருது கடைசிவரை கிடைக்கவில்லை. 1960இல் கெய்ரோவில் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்துக்காகச் சிறந்த நடிகராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவருக்குத் தனியொரு படத்தின் நடிப்புக்கென்று டெல்லி அறிவித்தது, 'தேவர் மக'னுக்கு ஒரு சிறப்பு விருது, அவ்வளவுதான். இது அநீதி, சந்தேகமில்லை. ஆனால் இந்தப் பேச்சு எப்போதும் 'எல்லாம் அரசியல் சார்' என்ற இடத்தில் முடிந்துவிடுகிறது. அரசியல் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அந்தப் படத்தில் எம்.ஜி.ஆர். என்னதான் செய்தார் என்று ஒரு வாக்கியமாவது பேச வேண்டாமா என்றுதான் கேட்கிறேன்.

ரிக்‌ஷாவைவிட்டு இறங்காமல் சிலம்பம் சுற்றும் அந்தச் சண்டையை மறுபடி போட்டுப் பாருங்கள். அப்போது அவருக்கு வயது 54. கால் அன்றாடப் பிழைப்பின் வேலையைச் செய்கிறது, கை சண்டை போடுகிறது, முகம் சிரிக்கிறது. தன் தொழிற்கருவியை விட்டு இறங்காமலே எதிரியைச் சந்திக்கிற ஒரு தொழிலாளியை எந்த வசனமும் இல்லாமல் அந்த உடல் உண்டாக்கிவிடுகிறது. இதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 1967 ஜனவரி 12இல், எம்.ஆர். ராதா சுட்ட குண்டு அவர் குரலைச் சிதைத்திருந்தது. உடைந்த குரலோடுதான் அதற்குப் பிறகு பத்தாண்டுகள் பேசி நடித்தார். குரலே நடிப்பு என்று தீர்ப்பு எழுதிய சூழலில், குரல் போன ஒரு நடிகர் எதைக் கொண்டு நடித்தார் என்ற கேள்வி ஒரு விமர்சகருக்காவது வந்திருக்க வேண்டும்.

பாய்ஸ் கம்பெனியில் இந்தப் பிரிவினை இல்லை. எம்.ஜி.ஆரும் சிவாஜியும் அங்கிருந்து வந்தவர்கள்தான். பாட்டும் ஆட்டமும் கத்திச்சண்டையும் வசனமும் அங்கே ஒரே பாடம். பிரிவினை பின்னால் வந்தது. 1952இல் 'பராசக்தி' வந்த பிறகு, வசனத்தைக் கேட்பதே நடிப்பைப் பார்ப்பது என்று ஆகிவிட்டது. கண்ணிடம் இருந்த தீர்ப்பு காதுக்குப் போயிற்று. சிவாஜியையே நாம் பாதி கேட்கத்தான் செய்தோம். 'திருவிளையாட'லில் மீனவனாக அவர் நடக்கிற நடை, முழுக்க முழுக்க உடலின் சாதனை. அது மிமிக்ரிக்குப் பயன்பட்ட அளவுக்கு விமர்சனத்துக்குப் பயன்படவில்லை.

இன்னொரு பக்கம் சபா நாடகம். ஆபீஸ் முடிந்து வந்து ஒத்திகை பார்த்தவர்கள், ஒரு சோபா செட், ஒரு டெலிபோன், பேச்சு, மேலும் பேச்சு. அதில் நல்ல நாடகங்கள் உண்டு. கே. பாலசந்தர் ஏ.ஜி. ஆபீஸில் இருந்துகொண்டே போட்ட நாடகங்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த மேடையில் உட்கார்ந்து பேசுகிறவனே மனிதன். உடலால் வேலை செய்கிறவன் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போவான். அந்த மேடையின் ரசனைதான் பிறகு 'சீரியஸ் நடிப்பு' என்ற பெயரில் பொது அளவுகோலாயிற்று. உடலுழைப்பை இழிவாகப் பார்க்கும் சாதிச் சமூகத்தில் இது தற்செயல் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், அதே சபாவில் மார்கழி வந்தால் உடல்தான் கலை. அரைமண்டியும் அடவும் எத்தனை ஆண்டு உழைப்பு என்று சிலாகிப்பார்கள். சிலம்பத்துக்கும் அத்தனை ஆண்டு உழைப்பு உண்டு, அது மட்டும் 'ஃபைட்டு'. விஜயகாந்தின் காலை எடுத்துக்கொள்ளுங்கள். தில்லையில் தூக்கினால் குஞ்சிதபாதம், தி.நகரில் தூக்கினால் காமெடி! அவர் 2023 டிசம்பர் 28இல் இறந்தபோது ஊரே அழுதது. ராஜாபாதர் தெரு அலுவலகத்தில் வந்தவர்க்கெல்லாம் சோறு போட்டதைச் சொல்லி அழுதது, சொல்ல வேண்டியதுதான். 'ஊமை விழிக'ளில் (1986) முப்பத்து மூன்று வயதில் ஒரு மூத்த போலீஸ் அதிகாரியின் தளர்வையும் இறுக்கத்தையும் தோளிலும் நடையிலும் கொண்டுவந்தாரே, அதைப் பற்றிய பேச்சு அந்த நாட்களில் என் காதில் விழவில்லை.

தமிழ் படித்தவன் என்பதால் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. தொல்காப்பியர் நடிப்புக்கு உரிய உணர்ச்சிகளைப் பேசும் இயலுக்கு மெய்ப்பாட்டியல் என்று பெயர். மெய் என்றால் உடம்பு. எட்டு மெய்ப்பாடுகளில் பெருமிதமும் வெகுளியும் இரண்டு. பெருமிதம் பிறக்கும் களங்களில் ஒன்றாகத் தறுகண்ணை, அதாவது அஞ்சாமையை, வைத்திருக்கிறார். நகையையும் அழுகையையும் வைத்த அதே வரிசையில் இவற்றையும் வைத்தவருக்கு அழுகை உயர்ந்தது, வெகுளி மட்டம் என்ற எண்ணம் இல்லை. அந்தத் தரவரிசை நாம் போட்டது.

அதன் விளைவு விபரீதமானது. சண்டை நடிகனை 'நடிகன்' என்று நாம் ஒப்புக்கொள்ளும் தருணம் எது? ரஜினிகாந்த் என்றால் உடனே 'முள்ளும் மலரும்' (1978) என்போம். மகேந்திரனின் அந்தப் படத்தில் காளிக்குக் கை போய்விடுகிறது. அடுத்து 'ஆறிலிருந்து அறுபது வரை' (1979), குடும்ப பாரத்தில் கூனிப்போன மனிதன். விக்ரமுக்கு 'சேது' (1999), புத்தி போகிறது. 'காசி' (2001), கண் இல்லை. இவையெல்லாம் நல்ல நடிப்புத்தான். ஆனால் ஓர் உடல் ஊனப்பட்டாலொழிய அது நடிப்பதாக நம் கண்ணில் படுவதில்லை என்றால், கோளாறு கண்ணில். 'பாட்ஷா'வில் (1995) கம்பத்தில் கட்டிவைத்து அடிக்கும்போது மாணிக்கம் அடி வாங்குகிறான். திருப்பி அடிக்கும் வலு அந்த உடம்பில் இருப்பதும், அது அடக்கப்படுவதும் ஒரே நேரத்தில் தெரிகின்றன. காளியின் கையிழப்புக்குக் குறைந்த நடிப்பா இது?

எல்லாச் சண்டையும் நடிப்பு என்று சொல்ல வரவில்லை. கயிறு கட்டி இருபது பேரைப் பறக்கவிட்டு, ஸ்லோமோஷனில் கூலிங்கிளாஸ் மாட்டுவதில் மெய்யும் இல்லை, பாடும் இல்லை. அங்கே நடிப்பது கேமராவும் கம்ப்யூட்டரும்தான். சண்டை பாத்திரத்தைச் சொல்கிறதா என்பதே கேள்வி. 'சார்பட்டா பரம்பரை'யில் (2021) டான்சிங் ரோஸ் வளையத்துக்குள் வந்ததும் அந்தக் காலாட்டத்திலேயே அவன் குணம், கர்வம், நேர்த்தி எல்லாம் தெரிந்துவிடுகின்றன. தனியாக அவனுக்கு ஒரு பூர்வகதை சொல்ல வேண்டியிருக்கவில்லை. 'அசுர'னில் (2019) தனுஷ் மகனுக்காக ஊர்க்காரர் ஒவ்வொருவர் காலிலும் விழுகிறார், அரிவாளும் எடுக்கிறார். விழுந்த முதுகும் நிமிர்ந்த முதுகும் ஒரே முதுகு என்று தெரிவதில்தான் அந்தச் சிவசாமி இருக்கிறான். அந்த நடிப்புக்குத் தேசிய விருதும் கிடைத்தது. உலக சினிமாவில் இது புதிதில்லை. 'யோஜிம்போ'வில் வாள் வீசிய தோஷிரோ மிஃபுனேவுக்கு 1961இலேயே வெனிஸில் சிறந்த நடிகர் விருது கொடுத்துவிட்டார்கள்.

இங்கே விஜயசாந்தியை மறந்துவிடக் கூடாது. 1990இல் 'கர்த்தவ்யம்' தெலுங்குப் படத்துக்கு, தமிழில் 'வைஜெயந்தி ஐ.பி.எஸ்.' என்று வந்து ஓடியதே அதற்கு, சிறந்த நடிகைக்கான தேசிய விருது பெற்றவர். ஒரு பெண் அடிக்கும்போது அது உருவாக்கப்பட்டது, கற்றுக்கொண்டது, ஆகவே நடிப்பு என்று நமக்குச் சட்டென்று புரிகிறது. ஆண் அடித்தால் அது அவன் இயல்பு என்று விட்டுவிடுகிறோம். ஆணின் வன்முறையை இயற்கை என்று நம்புகிற மனம்தான் அதை நடிப்பு என்று பார்க்கவும் மறுக்கிறது.

நம் தரப்புக்கும் வருவோம். 1992இல் எம்.எஸ்.எஸ். பாண்டியனின் 'தி இமேஜ் ட்ராப்' வந்தது. எம்.ஜி.ஆர். பிம்பத்தின் அரசியலைப் பிரித்துக் காட்டிய முக்கியமான நூல். அதை வழிமொழிந்த நாமோ பிம்பத்தைப் பிரித்தோம், அந்தப் பிம்பத்தைச் சுமந்த உடல் என்ன செய்தது என்று பார்க்கவில்லை. திரையில் தெரிவது கருத்தியல், பார்க்கிறவன் ஏமாளி, கணக்கு முடிந்தது. விசிலடித்தவன் ஒருவேளை நடிப்பை ரசித்துக்கொண்டிருந்திருக்கலாம் என்பதை யோசிக்கவில்லை. இத்தனைக்கும் 1977இல் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறை, புரிசை கண்ணப்பத் தம்பிரானிடம் போய்க் கூத்தின் அடவு கற்றதைக் கொண்டாடியவர்கள் நாம்தான். மேடையில் உடல்மொழி என்று எழுதினோம். அதே உடல் தியேட்டரில் வந்தபோது வணிக சினிமா என்று எழுந்து வந்துவிட்டோம்.

இன்னும் ஒரு சிக்கல் இருக்கிறது, எனக்கும் அதற்கு விடை இல்லை. நாயகனின் சண்டை பல படங்களில் நாயகனுடையது மட்டும் அல்ல. மாடியிலிருந்து விழுந்தது டூப். முகம் ஒருவருடையது, விழுகிற உடம்பு வேறொருவருடையது. இரண்டும் சேர்ந்ததுதான் அந்த நடிப்பு என்றால் பாராட்டு யார் பேருக்குப் போகும்? சண்டைப் பயிற்சிக்கென்று தேசிய விருதில் ஒரு பிரிவு வந்ததே 2016ஆம் ஆண்டுப் படங்களுக்குத்தான். 'புலிமுருக'னுக்காகப் பீட்டர் ஹெயின் முதலில் வாங்கினார். ஆஸ்காரில் அப்படியொரு பிரிவு 2027இன் படங்களிலிருந்துதான் என்று அறிவித்திருக்கிறார்கள். 2025 ஜூலையில், நாகப்பட்டினம் பக்கத்தில், பா. ரஞ்சித்தின் 'வேட்டுவம்' படப்பிடிப்பில் கார் பாயும் காட்சியை எடுத்தபோது ஒரு சண்டைக் கலைஞர் இறந்துபோனார். கார் உருண்ட அந்த வீடியோவை அந்த வாரம் எல்லோரும் போனில் பார்த்தோம்.