எட்டு வாட் போதுமா?

வால்வு ஆம்ப்ளிஃபயர் வாங்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது 'எத்தனை வாட்?' எட்டு என்றால் முகம் சுருங்கிவிடும். கைக்கடக்கமான டேப்ரெக்கார்டர் மேல் '1000 வாட்ஸ் பிஎம்பிஓ' என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்ற தேசம் நமது. கேட்க வேண்டிய கேள்வி வேறு: உங்கள் ஸ்பீக்கர் எவ்வளவு சோம்பேறி?

ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் எத்தனை டெசிபல் சத்தம் வருகிறது? இதுதான் சென்சிடிவிட்டி. 1970-களில் பிபிசி வடிவமைத்த புகழ்பெற்ற குட்டி ஸ்பீக்கர் எல்எஸ்3/5ஏ-வுக்கு சுமார் 83. கொச்சியில் ஜேக்கப் ஜார்ஜ் என்கிற கட்டடக் கலைஞர் உருவாக்கிய 'ரெத்ம்' ஸ்பீக்கர்களில் பெரியவற்றுக்கு 98 வாக்கில். பதினைந்துதானே வித்தியாசம் என்று அலட்சியம் வேண்டாம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் வாட் இரட்டிப்பாக வேண்டும். ரெத்ம் 8 வாட்டில் போடுகிற சத்தத்துக்குக் குட்டி ஸ்பீக்கர் 250 வாட் கேட்கும். கொடுத்தால் அதன் சுருள் வெந்துவிடும்.

1930-களில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கொண்டுவந்த 300பி வால்வு ஒன்று தருவது சுமார் 8 வாட்தான். அதை வைத்து சினிமா தியேட்டரையே நிரப்பினார்கள். திரைக்குப் பின்னால் ஆளுயர ஹார்ன்! நம் கல்யாண வீட்டுக் குழாய் ஸ்பீக்கரின் சூட்சுமமும் இதேதான். கொஞ்சம் வாட், ஊரெல்லாம் சத்தம்.

அடுத்தது ஓம். அட்டையில் '8 ஓம்' என்று போட்டிருப்பது ஒரு மரியாதைக்கு. சுரம் மாற மாற அது 3-க்கு இறங்கும், 30-க்கும் ஏறும். டிரான்சிஸ்டர் செட் இதைக் கண்டுகொள்ளாது. ஃபீட்பேக் இல்லாத வால்வு செட் கண்டுகொள்ளும். ஓம் ஏறும் இடத்தில் சத்தத்தைக் கூட்டும், இறங்கும் இடத்தில் குறைக்கும். ஏற்றம் அடிச்சுரத்தில் அமைந்துவிட்டால் மிருதங்கத்தின் தொப்பி 'தொம்' என்று முடியாமல் 'தொம்ம்ம்' என்று அடுத்த சொல்லின் மேல் வழியும். 'ஆஹா, வால்வின் வெதுவெதுப்பு' என்று உருகுகிறவர்கள் பாதி நேரம் உருகுவது இதற்குத்தான்.

ரெத்ம் பின்னால் வந்த மாடல்களில் அடிச்சுரத்துக்கு மட்டும் பெட்டிக்குள்ளேயே தனி டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர் வைத்துவிட்டது. வால்வு பக்தர்கள் தீட்டு என்பார்கள். எனக்குப் புத்திசாலித்தனமாகப் படுகிறது. வால்வுக்கு முடியாததை ஏன் அதனிடம் கேட்க வேண்டும்?

இதெல்லாம் பணக்கார விவகாரம் என்கிறீர்களா? ஒரகடம் பக்கம் வல்லம் வடகாலுக்கு வாருங்கள். 2024-ல் அங்கே ஃபாக்ஸ்கானில் வேலை பார்க்கும் 18,720 பெண்களுக்காக ஒரு விடுதி திறந்தார்கள். அந்த வட்டாரத்து ஆலையில் 2022-லிருந்து பூட்டிய ஐபோன் 14-ன் சில்லுக்குள் சுமார் 1,500 கோடி டிரான்சிஸ்டர்கள். மேஜையை அடைத்துக்கொண்டு தகதகக்கும் 300பி, கணக்குப்படி, அதில் ஒன்றே ஒன்றுக்குச் சமம்.

ஷிஃப்ட் முடிந்து, படுத்தபடி, இருநூறு ரூபாய் இயர்போனில் ராஜா கேட்கும் பெண் ஒருத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். இயர்போனுக்கு ஒரு மில்லிவாட்டே போதும், 100 டெசிபலை எட்டிவிடும். அவள் போனுக்கும் அதற்கும் பத்துப் பொருத்தமும் உண்டு. நுங்கம்பாக்கத்தில் மூன்று லட்சத்துக்கு 300பி செட் வாங்கி, 84 டெசிபல் பெட்டியில் மாட்டி, 'உச்ச ஸ்தாயியில் வயலின் கரகரக்கிறதே' என்று விழிக்கிறவருக்கு ஒரு பொருத்தமும் இல்லை. ஜாதகம் பார்க்காமல் சீர் செய்துவிட்டார், பாவம்.

ஆகவே ஸ்பீக்கரை முதலில் தேர்ந்தெடுங்கள். 95-க்கு மேல் என்றால் எட்டு வாட் தாராளம். 90-க்குக் கீழே என்றால் 300பி ஆசையை விட்டுவிட்டு, ஈஎல்34 ஜோடி போட்ட முப்பது வாட் செட்டைக் கேட்டுப் பாருங்கள், உங்கள் வீட்டுக்கே கொண்டுவரச் சொல்லி. ஸ்பீக்கர் ஒயரை மாட்டாமல் மட்டும் வால்வு செட்டை ஆன் பண்ணாதீர்கள், டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். உள்ளே நானூறு வோல்ட் வரை ஓடும். வீட்டில் குழந்தையோ பூனையோ இருந்தால் மேலே கூண்டு அவசியம். சென்னைக்காரர்களுக்கு இன்னொரு சங்கடம்: இந்தச் சூட்டுக்கு ஏ.சி. போட்டாக வேண்டும், போட்டால் தம்புரா கேட்காது.