அடுத்த ஆடு எங்கே?

ஆடுபுலி ஆட்டக் களத்தில் 23 புள்ளிகள். புலி 3, ஆடு 15. ஆடுகளை முறைக்கு ஒன்றாக இறக்கி முடித்த பிறகே நகர்த்தலாம் என்பதால், அடுத்த ஆட்டை எங்கே வைப்பது என்பதில்தான் பாதி ஆட்டமும் இருக்கிறது. புலி ஓர் ஆட்டை நேர்கோட்டில் தாண்டி, அப்பால் காலியான புள்ளியில் இறங்கினால் அந்த ஆடு வெட்டுப்படும். கோடு முடியும் மூலையில் நிற்கும் ஆட்டுக்கு இந்த அபாயம் இல்லை. தேர்ந்தவர்கள் அங்கே தொடங்கி, ஒவ்வோர் ஆட்டின் முதுகுக்கும் இன்னோர் ஆட்டை நிறுத்துவார்கள். மூன்று புலிகளின் தாவல்களையும் பார்த்துவிட்டே கை வைக்க வேண்டும். அவசரக்காரர் கண்ணுக்கு ஒரு புலிதான் தெரியும்! சில சமயம் ஓர் ஆட்டைப் பலிகொடுத்துப் புலியை மூலைக்கு இழுப்பதே சிறந்த நகர்வு. ஆனால் நாலைந்து ஆடு போய்விட்டால், மிச்சத்தை வைத்து மூன்று புலிகளையும் அடைப்பது கடினம்.