பழியை ஏற்கும் தலைமை

1979 ஆகஸ்ட் 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எழுந்த எஸ்எல்வி-3 ராக்கெட், 317 நொடிகளில் வங்கக் கடலில் விழுந்தது. திட்ட இயக்குநர் அப்துல் கலாம். இஸ்ரோ தலைவர் சதீஷ் தவன். தோல்விக்கான பொறுப்பைத் தாமே ஏற்று, செய்தியாளர்களின் கேள்விகளை எதிர்கொண்டவர் தவன். மறு ஆண்டு ஜூலை 18-இல் அதே வகை ராக்கெட் 35 கிலோ எடையுள்ள ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தபோது, செய்தியாளர்களிடம் பேசக் கலாமை அனுப்பினார். இதைக் கலாம் மேடைதோறும் நன்றியோடு சொன்னார். நல்ல மேலதிகாரியின் இலக்கணம் இதுதான் என்று நாமும் ஏற்றுக்கொண்டுவிட்டோம்.

இலக்கணம் சரிதான். ஆனால் அதில் பாதியைத்தான் நாம் படித்திருக்கிறோம்.

1979-இல் தோற்ற அந்த ஏவுதலில், புறப்பாட்டுக்குச் சற்று முன்பு கணினி ஏவுதலை நிறுத்தி வைத்தது. கட்டுப்பாட்டு அமைப்பில் கசிவு தெரிந்தது. கசிந்தது போக மீதமுள்ள இருப்பு போதுமென்று வல்லுநர்கள் சொல்ல, கணினியின் தடையை மீறி ஏவலாம் என முடிவெடுத்தவர் கலாம். இரண்டாம் கட்டம் கட்டுப்பாட்டை இழந்தது. நைட்ரிக் அமிலக் கசிவே காரணம் என்று பின்னர் நடந்த ஆய்வில் தெரிந்தது. ஆய்வுக் கூட்டத்தில் கலாம் தம் முடிவுக்குத் தாமே பொறுப்பேற்றார். ஆக, ஊருக்கு முன்னால் தலைவர் பழியைத் தாங்கினார். உள்ளே பிழை மறைக்கப்படவில்லை. கசிந்தது எது, ஏன், தடையை மீறியது யார் என்பதெல்லாம் பேசப்பட்டன. தவன் வெளியே தாங்கிய அடிதான் உள்ளே உண்மை பேசும் துணிவைக் கொடுத்தது என்பேன். வேலை போய்விடும் என்று அஞ்சும் பொறியாளர் கசிவைப் பற்றி வாய் திறக்கமாட்டார். அப்படி நடந்திருந்தால் 1980-இன் வெற்றிக்கு அடித்தளமே இருந்திருக்காது.

இந்த இரண்டாம் பாதி விடுபடும்போதுதான் வழக்கம் கெடுகிறது. "விடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று அணைத்துக்கொள்ளும் அதிகாரி ஊழியர்களின் அன்பைச் சம்பாதிக்கிறார். பிழை அப்படியே கிடக்கிறது. அணைப்பு எல்லோருக்கும் சமமாகக் கிடைப்பதுமில்லை; வேண்டியவரின் தவறு மூடப்படுகிறது, வேண்டாதவரின் தவறு கோப்பில் ஏறுகிறது. இன்னும் சிலர் வெளியே பழியை ஏற்றுவிட்டு, ஆண்டு மதிப்பீட்டில் அதே ஊழியரின் மதிப்பெண்ணைக் குறைக்கிறார்கள். வெளிப்படையான கண்டிப்பைவிட இது கொடியது. மனிதர் தற்காத்துக்கொள்ளக்கூட வழியில்லாமல் போகிறது.

பதவி விலகுவது வேறொரு வகை. 1956 நவம்பரில் அரியலூர் அருகே மருதையாற்றில் ரயில் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி விலகினார். அந்த நேர்மையை மதிக்கிறேன். என்றாலும் அமைச்சர் விலகுவதால் பாலம் வலுப்படாது. அதைப் பார்க்க யாராவது இருந்தாக வேண்டும். தவன் விலகாமல் இருந்து, ஓராண்டுக்குள் மறு ஏவுதலை நடத்திக் காட்டியதை விலகுவதைவிடக் கடினமான செயலாகக் கருதுகிறேன்.

நம் காலத்தில் பொறுப்பேற்பு ஒரு கடித வாசகமாகச் சுருங்கிவிட்டது. 2022 நவம்பரில் மெட்டா 11,000-க்கும் மேற்பட்டோரை நீக்கியபோது அதன் தலைவர் மார்க் ஸக்கர்பெர்க் பொறுப்பேற்றார். 2023 ஜனவரியில் கூகுளின் தாய் நிறுவனம் சுமார் 12,000 பேரை நீக்குவதாக அறிவித்தபோது, அதன் தலைமைச் செயல் அதிகாரி சுந்தர் பிச்சையும் முழுப் பொறுப்பை ஏற்பதாக எழுதினார். அளவுக்கு மீறி ஆள் எடுத்த முடிவு மேலே எடுக்கப்பட்டது. வேலையை இழந்தவர்கள் கீழே இருந்தவர்கள். முடிவெடுத்தவரின் நாற்காலி அசையாதபோது, பொறுப்பு என்ற சொல்லுக்கு என்ன எடை இருக்கிறது?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தவன் விண்வெளித் துறையின் செயலராகவும் இருந்தார். அத்துறை நேரடியாகப் பிரதமரின் கீழ் இயங்கியது. பழியைத் தாங்குமளவுக்கு அவர் நிலை உறுதியாக இருந்தது. மாத இலக்கு எட்டாவிட்டால் இடமாற்றம் என்ற மிரட்டலோடு வேலை பார்க்கும் வங்கிக் கிளை மேலாளரிடம் அதே பெருந்தன்மையைக் கேட்பது நியாயமில்லை. அவர் ஒருமுறை குறுக்கே நின்றால், அடுத்த முறை நிற்க அவர் இருக்கமாட்டார். இடைநிலை அதிகாரிகளுக்குத் தலைமைப் பண்பு வகுப்பு எடுக்கும் நிறுவனங்கள், முதலில் பிழை ஆய்வுக் குறிப்புகளை ஆண்டு மதிப்பீட்டிலிருந்து பிரித்து வைக்கட்டும். இலக்கு தவறானது என்று எழுதி அனுப்பும் உரிமையை அந்த மேலாளருக்குக் கொடுக்கட்டும்.