சுவரோடு போன சித்திரம்

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பது முன்னோர் வாக்கு. உடலைப் பேணுக என்னும் கருத்தில் எழுந்த அவ்வாக்கு, வேல்ஸ் நாட்டு நியூபோர்ட் நகரில் சொல்லுக்குச் சொல் மெய்யாயிற்று. கென்னத் பட் என்னும் கலைஞர் 1978-ஆம் ஆண்டில் அங்கு அமைத்த மொசைக் சித்திரம், 2013-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் தான் பதிந்திருந்த சுவரோடு இடித்துத் தள்ளப்பட்டது. நகரின் நடுவே புதிய கடைத்தொகுதி எழுப்ப இடம் வேண்டியிருந்ததே காரணம்.

அச்சித்திரத்தின் பொருள் 1839-ஆம் ஆண்டு எழுச்சியாகும். ஆடவர் அனைவர்க்கும் வாக்குரிமை, மறைவான வாக்கெடுப்பு, நாடாளுமன்ற உறுப்பினர்க்கு ஊதியம் முதலிய ஆறு கோரிக்கைகளைச் சாசனமாக வரைந்து, சுமார் 12 இலட்சத்து 80 ஆயிரம் பேர் கையொப்பமிட்ட மனு ஒன்றை உழைக்கும் மக்கள் விடுத்தனர். நாடாளுமன்றம் அதனைப் புறக்கணித்தது. நவம்பர் 3-ஆம் நாள் இரவு, கொட்டும் மழையில், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரும் இரும்பாலைத் தொழிலாளரும் பள்ளத்தாக்குகளினின்று ஆயிரக்கணக்கில் நியூபோர்ட்டை நோக்கி நடந்தனர். மறுநாட் காலை வெஸ்ட்கேட் விடுதியிலிருந்த படைவீரர் சுட்டதில் இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஜான் பிராஸ்ட், செபனையா வில்லியம்ஸ், வில்லியம் ஜோன்ஸ் ஆகிய தலைவர் மூவர்க்கும் விதிக்கப்பட்ட மரண தண்டனை பின்னர் நாடுகடத்தலாகக் குறைக்கப்பட்டது. (டாஸ்மேனியாவுக்கு அனுப்பப்பட்ட வில்லியம்ஸ் அங்கும் நிலக்கரியையே கண்டுபிடித்தார்!) தென் வேல்ஸ் சுரங்கத் தொழிலாளரின் ஒன்றுபட்ட சம்மேளனம் தோன்றியதோ 1898-இல்தான்.

இத்தகைய கதைக்கு மொசைக் ஏன் பொருந்திற்று? எண்ணெய் வண்ணத்தில் தீட்டியிருந்தால் கலைஞரின் கை தலைவர் ஒருவரின் முகத்தை நாடியிருக்கும். ஓடும் கண்ணாடியுமாக 2 இலட்சம் சில்லுகள் சேர்ந்த இப்படைப்பில் எந்தச் சில்லுக்கும் தனி உருவம் இல்லை. சேர்ந்து நின்றால்தான் பொருள் உண்டு. முகங்களில் நுட்பமான மெய்ப்பாடு தேடுவோர் ஏமாறுவர் என்பது உண்மையே. ஆனால் பெயர் தெரியாத கூட்டமே கதைத்தலைவனாக உள்ள இடத்தில் அது குறையாகாது.

இன்னுஞ் சிறந்தது அது அமைந்த இடம். பாதசாரிகள் செல்லும் சுரங்கப்பாதையில் 35 மீட்டர் நீளத்துக்குப் பரந்த சித்திரத்தை நின்ற இடத்தில் நின்று முழுமையாகக் காண இயலாது. காண்பவரும் நடந்தாக வேண்டும். நடையே பொருளான சித்திரத்துக்கு இதைவிட ஏற்ற இடம் ஏது? சந்தைக்குச் செல்லும் பெண்ணும் பள்ளிக்குச் செல்லும் சிறுவனும் காட்சிச்சாலைக் கட்டணமின்றி, நாள்தோறும் அவ்வணியின் ஓரமாக நடந்தனர்.

அந்தச் சிறப்பே அதற்குக் கேடாகவும் முடிந்தது. வேல்ஸ் அரசின் பழஞ்சின்னப் பாதுகாப்பு அமைப்பு, காக்கத்தக்க கட்டடங்களின் பட்டியலில் அதனைச் சேர்க்க மறுத்தது. பெயர்த்தெடுக்க ஏறத்தாழ 6 இலட்சம் பவுன் ஆகும் என்றது நகர மன்றம். பொலிவற்ற சிமெண்டுப் பாதை காக்கத்தக்கதன்று என்பதை எவரும் ஒப்புவர். எனினும் கட்டடத்தை நிறுக்கும் தராசில் கலையையும் ஏற்றி எடை போடுவது எவ்வகை நீதி?

வழியே இல்லை என்பதும் ஏற்கத்தக்கதன்று. இதே கலைஞர் ஐரிஷ் மக்களின் பொருளுதவியால் 1968-இல் பர்மிங்ஹாமில் அமைத்த கென்னடி நினைவு மொசைக் 2007-இல் அகற்றப்பட்டது. பின்னர் அவர் மகன் ஆலிவர் பட் அதனை அந்நகரின் டிக்பெத் பகுதியில் மீண்டும் உருவாக்கினார். மீண்டும் செய்தது முன்னதே ஆகுமா என்று வாதிடலாம். ஆயினும் மனம் இருந்த ஊரில் வழி பிறந்தது.

நியூபோர்ட் மக்கள் சித்திரத்தின் முன் கூடி எதிர்ப்புத் தெரிவிக்க ஒரு சனிக்கிழமையைக் குறித்திருந்தனர். இடிப்பு எந்திரம் வியாழனன்றே வந்துவிட்டது.