கரிச்சானின் வெள்ளைப் புள்ளி

ஆறு வாரமாக என் சாயங்காலமெல்லாம் இந்தச் செயலியில்தான் போகிறது. கிராஸ் ஸ்டிட்ச் படம் வரைகிற செயலி. டேப்லெட்டில் பேனா வைத்துக் கட்டம் கட்டமாக நிரப்பலாம். புகைப்படம் கொடுத்தால் அதுவே கட்டமாக்கித் தரும், நூல் எண் சொல்லும், பிடிஎஃப் போட்டுக் கொடுக்கும். பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். நான் சொல்லவரும் குறை இதற்கு முன் வைத்திருந்த இரண்டு செயலிகளிலும் இருந்தது.

பூக்கூடையும் ஓட்டு வீடும் தைத்துத் தைத்து எனக்கு அலுத்துவிட்டது. தையல் கொஞ்சமாகவும் துணி நிறையவும் இருக்கிற படம் வேண்டும் என்று ஆசை. எங்கள் தெரு மின்கம்பியில் தினமும் வந்து உட்காரும் கரிச்சான்குருவியை எடுத்துக்கொண்டேன். முழுக்கக் கறுப்பு, பிளந்த வால், அலகு தொடங்கும் இடத்தில் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி. அரைவெள்ளை ஐடா துணி, அங்குலத்துக்கு 14 கட்டம். ஏழு அங்குலச் சதுரம் என்றால் பக்கத்துக்கு 98, மொத்தம் 9,604 கட்டங்கள். குருவியும் துண்டுக் கம்பியும் சேர்ந்து 260 கட்டம்தான். குருவியை வலது கீழ்மூலையில் வைத்தேன். மிச்சமெல்லாம் வானம்.

வரைகிறபோது இந்தச் செயலி தரும் சுகத்தைக் குறைத்துச் சொல்லக்கூடாது. பிளந்த வாலைக் கட்டத்தில் கொண்டுவருவது லேசான காரியமில்லை. ஒரு கட்டம் பக்கவாட்டில், ஒரு கட்டம் கீழே என்று இறங்கினால் கோடு சீராக வரும். ஒன்றுக்கு இரண்டு என்றாலும் வரும். அதை விட்டு இரண்டும் மூன்றும் மாறி மாறி வந்தால் வால் உடைந்த மாதிரி தெரியும். நாற்பது நிறமுள்ள படத்தில் இந்தப் பிசகு மறைந்துபோகும். ஒரே நிறத்தில், வெறும் துணி நடுவில், ஒரு கட்டம் தள்ளிப்போனாலும் கண் நேராக அங்கேதான் போகும். பெரிதாக்கி, சிறிதாக்கி, அழித்து, மறுபடி போட்டு அந்த வாலை மட்டும் இரண்டு நாள் சரிபார்த்தேன். வரைபடத் தாளில் பென்சிலால் அழித்து எழுதிய காலத்தை நினைத்தால் இது பெரிய வரம்.

பிரச்சினை வெற்றுக் கட்டத்தில் இருக்கிறது. தையல் இல்லாத கட்டம் என்றால் இந்தச் செயலிக்கு அங்கே ஒன்றுமே இல்லை.

பிடிஎஃப் எடுத்ததும், தையல் இருக்கிற பகுதியை மட்டும் வெட்டிக் கொடுத்தது. 98-க்கு 98 போன இடம் தெரியவில்லை. கையில் வந்தது 31-க்கு 24. நடுப்புள்ளியைக் காட்டும் அம்புக்குறிகள் குருவியின் வயிற்றை நோக்கி நின்றன. நான் கவனிக்காமல் பெரியம்மாவுக்கு அனுப்பிவிட்டேன். அவர் எல்லோரும் செய்கிறபடி துணியை நாலாக மடித்து, நடுவைக் கண்டுபிடித்து, அங்கிருந்து தைத்துவிட்டார். அழகான தையல், பின்பக்கம்கூடப் பிசிறில்லை. குருவி மட்டும் நட்டநடுவில் உட்கார்ந்திருந்தது. “நீ அனுப்புன படத்துல அம்பு அங்கதானடி இருந்துச்சு” என்றார். அவர் சொன்னது சரிதான். வானம் போய்விட்டது.

அடுத்தது வெள்ளைப் புள்ளி. அதற்கு நூல் தேவையில்லை. கறுப்புக்கு நடுவே ஒரு கட்டத்தைத் தைக்காமல் விட்டால் துணியே புள்ளியாகிவிடும். இந்தப் படத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. செயலியில் ‘சுத்தம் செய்’ என்று ஒரு பொத்தான் இருக்கிறது. புகைப்படத்தை மாற்றும்போது அங்கங்கே சிதறி நிற்கும் ஒற்றைக் கட்டங்களைப் பக்கத்து நிறத்தால் நிரப்பும் வசதி. அதற்கு அது அவசியமும்கூட. கம்பியில் ஒட்டியிருந்த இரண்டு கட்டத்தை நீக்க அதை ஒருமுறை தொட்டேன். புள்ளியையும் கறுப்பால் அடைத்துவிட்டது. இரண்டு நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தேன். குருவியின் முகத்தில் ஏதோ குறைகிறதே என்று அதுவரை உறுத்திக்கொண்டே இருந்தது.

மேல்மூலையில் தூரத்துப் பறவையாக ஒரே ஒரு தையல் வைத்துப் பார்த்தேன். கறுப்பு நூலைக் கீழே இருந்து அதுவரை துணிக்குப் பின்னால் இழுத்துப்போனால் முன்பக்கம் நிழலாகத் தெரியும். தனியாகத் தொடங்கி முடிக்க ஒரு தையலில் நூல் நிற்காது. எடுத்துவிட்டேன். திரை முன்னோட்டம் இதைக் காட்டவே காட்டாது. அதில் கறுப்புக் கட்டம் முழுக்கக் கறுப்பு. இரண்டு இழையில் தைத்தால் பெருக்கல் குறிகளின் இடுக்கில் துணி எட்டிப்பார்க்கும். மூன்று இழை போட்டால்தான் கரிச்சானின் கறுப்பு வருகிறது.

நிற விஷயத்தில் குறையில்லை. செயலி டிஎம்சி நிறுவனத்தின் நூல் எண்களில் பேசுகிறது, நம் கடைகளில் அதிகம் கிடைப்பது ஆங்கர் நூல். நாற்பது நிறம் என்றால் மாற்றுப் பட்டியலோடு மல்லுக்கட்ட வேண்டும். எனக்கு டிஎம்சி 310-க்கு ஆங்கர் 403, அத்தோடு முடிந்தது.

பூங்கொத்தோ குழந்தை முகமோ தைப்பவர்கள் தாராளமாக இதை வாங்கலாம். வெறும் துணியை நம்பிப் படம் போடுபவர்கள் நாலு மூலையிலும் ஒவ்வொரு கட்டம் வெளிர்நீலத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் வெட்டாமல் முழுச் சதுரமாகத் தரும். அந்த நாலையும் தைக்க வேண்டாம் என்று மேலே எழுதிவிடுங்கள். நூல் பட்டியலில் ஒரு நீல நூல்கண்டு கூடுதலாக வரும், வாங்காதீர்கள்.

பெரியம்மா இரண்டாவது துணியை எடுத்துவிட்டார். இந்த முறை மடிக்கவில்லை. வலது கீழ்மூலையில் ஒரு குண்டூசி குத்தி, அங்கிருந்து நகத்தால் கட்டம் எண்ணிக்கொண்டிருக்கிறார்.